கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு

என் செல்லத் தங்கை ரூத்துக்கு,

வகுப்பில் பிள்ளைகளின் மனத்தைப் பாடத்தில் நிறுத்துவது எப்படி என்று நம் சபைப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அதை எழுத வேண்டியவள் நீ. நான் உட்கார்ந்தால் உனக்குக் கடிதம்தான் வருகிறது. படிப்பவர்கள் படிக்கட்டும்.

நீ போன பிறகு என்னிடம் 'நீ' போட்டுப் பேச இந்தச் சித்தூரில் ஆள் இல்லை. பள்ளியில் டீச்சரம்மா, தேவாலயத்தில் டீச்சரம்மா, கீரைக்காரிக்கும் டீச்சரம்மா. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே வந்தால், அன்றைய பேச்செல்லாம் பள்ளியிலேயே முடிந்துபோயிருக்கும்.

கோடை விடுமுறையில் விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியை அம்மா உன் நான்காம் வகுப்பை என்னிடம் ஒப்படைத்தார். முதல் நாள் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்தார்கள். நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். எழுதச் சொன்னதை எழுதினார்கள். வகுப்பு அடங்கியிருக்கிறது என்று எனக்குப் பெருமை. ஆனால் அவர்கள் கண்கள் என்னைத் தாண்டி வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரைத் தேடினார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

உன்னைப் போலவே செய்துபார்த்தேன். ஆறுகளின் பெயரை நீ ராகம் போட்டுப் பாடுவாயே, அதை நானும் பாடினேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. முன்வரிசையில் மங்கா சிரித்துவிட்டாள். பிரம்பால் உள்ளங்கையில் ஒன்று வைத்தேன். மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரத்தில் இன்னும் இருவர் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். இப்படியே குறைந்தால் நான்காம் வகுப்பை ஆண்கள் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்றார் தலைமையாசிரியை. அங்கே எந்தத் தகப்பன் பெண்ணை அனுப்புவான்?

மங்காவின் வீட்டைத் தேடிப் போனேன். வண்டிப்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. அவள் தகப்பன் திருப்பதிக்கு வெல்லமூட்டை ஏற்றிப் போகிற வண்டிக்காரர். அன்றும் வழியில்தான் இருந்தார். தாய் எனக்கு மணையைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அடித்ததற்குக் கோபமா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்று தலையாட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்:

"பழைய டீச்சரு எதனா கேட்டுக்கினே இருப்பாங்களாம். நீங்க சொல்லிக்கினே இருக்கீங்களாம். அதான் அவளுக்கு சலிப்பாக் கீதாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வந்தது. பதினான்கு வருஷமாக நான் வகுப்பில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை எனக்கு முன்பே தெரியும். அது கேள்வியா, ரூத்? நீ அப்படிக் கேட்கவில்லை, இல்லையா?

அடுத்த திங்கட்கிழமை மங்காவைத் தாய் கையோடு கொண்டுவந்து விட்டாள். அன்று பூகோளம். ஜில்லாப் படத்தை மாட்டி, சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பாதையைக் காட்டினேன். மங்கா படத்தையே பார்த்துவிட்டு, வாய்க்குள் ஏதோ முனகினாள். என்ன என்றேன். பயந்துகொண்டே சொன்னாள்:

"எங்க நைனா வண்டி அப்டிப் போவாது டீச்சரம்மா. சந்திரகிரியாண்ட ஆத்துல தண்ணி வந்தா சுத்திக்கினு போவும்."

எந்த வழியாகச் சுற்றும் என்று எனக்குத் தெரியாது. நான் ரயிலில்தான் போயிருக்கிறேன். "எனக்குத் தெரியலை மங்கா. நீ சொல்லு" என்றேன். வகுப்பில் நின்று அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுண்ணாம்புக்கட்டியை அவள் கையில் கொடுத்தேன். தரையில் வரைந்தாள். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் குளம், மலை முதலில் கண்ணில் படும் மேடு, சுங்கச்சாவடி. மேடு அந்தப் பக்கம் இல்லை என்று ஒருத்தி எழுந்து வந்தாள். அவளுக்குத் தமிழ் ஓடாமல் தெலுங்கிலேயே சண்டை பிடித்தாள். பிறகு யாரும் தன் இடத்தில் இல்லை. எல்லாரும் தரையில், நானும்தான். மணி அடித்தது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு நடந்தேன். பூட்டைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது.

நின்றவர்களில் ஒருத்தி திரும்பினாள். மற்றவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். வகுப்பு இப்போதைக்குத் தப்பியது.

இனி மறைத்துப் பயனில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், உன் வகுப்பில் ஒழுங்கில்லை, ஒரே கூச்சல் என்று தலைமையாசிரியைக்கு யாரோ பெயர் போடாமல் எழுதிப்போட, அவர் உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்தாரே. எழுதியவள் நான். அடுத்த அறையில் இருந்து, உன் பிள்ளைகள் உன்மேல் வைத்த ஆசையைத் தாங்கமுடியாமல் எழுதினேன். அன்று நீ வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லாமல் எனக்குச் சோறு போட்டாய். உனக்குத் தெரிந்திருந்ததா?

போன வாரம் தலைமையாசிரியையிடம் போய், நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு கடிதமே ஞாபகம் இல்லை. சிரித்து அனுப்பிவிட்டார். மன்னிக்க வேண்டியவள் நீ ஒருத்திதான், நீயோ இல்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன், ரூத். இந்தப் பள்ளியில் எந்த ஆசிரியையின் அறையில் பிள்ளைகள் குரல் எழுந்தாலும், அவளைப் பற்றி யார் குறை சொன்னாலும், அவள் பக்கம் போய் நிற்பேன். உனக்காக நிற்காதவள் அவர்களுக்காவது நிற்கிறேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
அக்கா மார்த்தாள்