பையில் என்ன இருந்தது?

“வாத்தியாரே, செத்துப்போன பொம்பள டவுன் பஸ்ல ஏறுனா டிக்கெட் எடுப்பாளா?”

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு நீர் என்னிடம் இப்படிக் கேட்டீர். நேற்று உம் மகள் கொண்டுவந்து தந்த அச்சுத்தாள்களைப் புரட்டியபோது, மை வாசனையோடு அந்தக் குரலும் எழுந்து வந்தது. உம் சிறுகதைகள் தொகுப்பாக வருகின்றன. முன்னுரை கேட்டாள்; நான் உமக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கெல்லாம் நீர் சரித்திர நாவல்காரர். கோட்டை, குதிரை, முற்றுகை. சிறுகதை என்று உட்கார்ந்தால் மட்டும் செத்தவர்கள் ரேஷன் கடை வரிசையில் வந்து நிற்பார்கள். “பேய் ஒண்ணுதான் பொய்யி. மத்ததெல்லாம் நெசமா இருக்கணும்” என்பீர். அறிவியல் வகுப்பில் நான் சொன்னதும் அதுதான். இரண்டு தொட்டியிலும் ஒரே மண், ஒரே விதை, ஒரே தண்ணீர். வெயிலை மட்டும் மாற்றிவிட்டு என்ன நடக்கிறதென்று பார். நீர் மாற்றிப் பார்த்தது மரணத்தை.

அந்தக் கேள்வி எழுந்த கதையில், இறந்து ஓராண்டான ஒருத்தி ராஜபாளையத்தில் தங்கையைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்புகிறாள். யாரென்று நீர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உம் மனைவி இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.

உம் கேள்வியோடு பஸ்ஸில் ஏறி நடத்துனரிடமே கேட்டோம்.

“பொம்பளையாளுன்னா ஃப்ரீதான சார்,” என்றார் அவர். “உசுரோட இருந்தா என்ன, செத்தா என்ன, சீட்டக் கிழிச்சுக் குடுத்துருவேன். செக்கிங் ஏறுனா மெமோ எனக்குல்ல!”

முன்சீட்டுப் பெண் திரும்பினார். “அந்த அக்கா எங்க போறாவ?”

“வீட்டுக்கு,” என்றீர்.

“வெறுங்கையோடயா? பிள்ளைக இருக்க வீட்டுக்கு எதாச்சும் வாங்கிட்டுல்ல போவாவ. பையில என்ன வச்சிருக்காவ?”

நீர் என் பக்கம் சாய்ந்து காதருகே சொன்னீர்: “ராணி மூக்குத்தியில எம்புட்டுக் கல்லுன்னு கேளும், சொல்லுதேன். இவ பையில என்ன இருக்கும்னு தெரியலயேய்யா.”

வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதியவர் நீர். உம் மனைவி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டிருக்கும். கையில் என்ன என்று திரும்பிப் பார்த்திருக்கமாட்டீர்.

பிறகு கதையை முடித்தீர், ஓரிடம் தவிர. ‘அவள் பையில்’ என்று எழுதி, ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருந்தீர். அடுத்த வரியில் அவள் தாழ்ப்பாளைத் தொடுகிறாள். கதை அங்கே நிற்கிறது. அந்த இடத்தை நிரப்பாமலே நீரும் போய்விட்டீர்.

“மாமா, நாளைக்கு அச்சகத்துக்குக் குடுக்கணும்,” என்றாள் உம் மகள். “பஸ்ல நீங்கதான கூடப் போனீக. என்ன போடலாம்? இல்லன்னா இந்தக் கதைய எடுத்துருவோம்.”

எடுத்துவிட்டால் அவள் அம்மா அந்த வாசலுக்கு வந்து சேரவே மாட்டாரே என்று எனக்குப் பதறியது. பூ, கொய்யா, பன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

“ஏட்டி, என்னையப் போயி கேக்கியே. உங்கம்மா என்ன வாங்கிட்டு வருவா?”

அவள் சிரித்துவிட்டாள். “அம்மாவா? ஒண்ணும் வாங்கமாட்டா மாமா. நாங்க பையப் புடிச்சு இழுப்போம். தலகீழா உதறிக் காட்டுவா. ‘நா வந்ததே போதாதாட்டி’ம்பா.”

சொன்னவள் என் பேனாவை வாங்கி, நீர் விட்ட இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினாள்.

கதை புத்தகத்தில் வருகிறது. எனக்குத்தான் ஒன்று புரியவில்லை. பஸ் நடத்துனர்வரை போய்க் கேட்டவர், அடுத்த அறையிலிருந்த மகளிடம் ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவள் அழுவாள் என்றா, நீர் அழுதுவிடுவீர் என்றா? இனி இந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கும்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வெளியே போயிருக்கும் உங்கள் வீட்டு ஆள் கையில் எதோடு திரும்புவார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவர் வரும் நேரத்துக்கு எழுந்து போய், வாசலில் நின்று பாருங்கள்.