துணிப்பெட்டியில் வந்த ஏழு சட்டைகள்

அயோவா,
17 அக்டோபர் 1926

அன்பு மகன் வெர்னருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால்தான் குளிர் வந்துவிட்டது என்று முனக ஆரம்பித்துவிட்டது. நீ சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அது போதும்.

நீ துவைக்க அனுப்பிய பெட்டி திங்கட்கிழமை தபாலில் வந்தது. திறந்தால் எட்டுச் சட்டை. இவனுக்கு ஏது எட்டு என்று கழுத்துப்பட்டையைப் புரட்டினேன், ஏழில் யார் யார் பெயரோ மையால் எழுதியிருந்தது. "சீனியருங்க என்னை விடறதே இல்லம்மா, நான்தான் அவங்களுக்குச் செல்லம்" என்று நீ எழுதியதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தவள் நான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, என் பிள்ளைக்கு இத்தனை நண்பர்களா என்று பூரித்துப்போய், கஞ்சி போட்டுத் தேய்த்து அடுக்கினேன்.

நேற்று சினிமாக் கொட்டகையில் ஒரு கல்லூரிப் படம், சிரிப்புப் படம். வழக்கம்போலத் திரைக்குக் கீழே உட்கார்ந்து ஊமைப் படத்துக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். படத்தில் ஒரு பையன், முதல் வருடத்துக்காரர்கள் போட வேண்டிய அந்தக் குட்டித் தொப்பி, நீயும் போட்டிருப்பாயே, அதைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மாணவர்களின் பூட்ஸையெல்லாம் சுமந்து ஓடுகிறான். தனக்கு மரியாதை என்று நினைத்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவன் முதுகைத் திருப்பியதும் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கொட்டகையே சிரித்தது. எனக்கு அந்த ஏழு பெயரும் ஞாபகம் வந்தது, கை அப்படியே நின்றுவிட்டது. முதலாளி ப்ரூயிட் ஓடிவந்து, "என்னம்மா ஹுல்டா, தூங்கிட்டியா? வாசிம்மா, ஜனங்க திரும்பிப் பாக்கறாங்க!" என்று பல்லைக் கடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். கடைசியில் அந்தப் பையன் பந்தயத்தில் ஜெயித்தான், எல்லாரும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கண்ணு, நீ ஜெயிக்க வேண்டாம்டா. யார் தோளிலும் ஏற வேண்டாம். உன்னை யாரும் கேலி செய்யாமல் இருந்தால் போதும்.

அப்பாவிடம் சொன்னேன், "அந்த ஏழு சட்டையையும் அடுப்புல போடுடி" என்று குதித்தார். ஊரான் துணியை எரிப்பேனா? மடித்து வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு, இதுதான் கடைசி என்று சொல்லிவிடு. சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். உன் அறையில் கூட இருக்கும் எமிலை வாயே திறக்காத அசடு என்று எழுதியிருந்தாய். காய்ச்சலில் படுத்திருந்தபோது உனக்குச் சூப் கொண்டுவந்தவன் அவன்தானே? நீ ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய், எனக்கு மறக்கவில்லை.

இஞ்சி பிஸ்கெட் இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று எமிலுக்கு. அந்த ஏழு பேருக்கு ஒரு துணுக்குக்கூடக் கிடையாது. உன் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துவிட்டேன். கடவுள் உன் கூடவே இருக்கட்டும், ராஜா. மறக்காதே, அடுத்த பெட்டியில் உன் துணி மட்டும்தான் வர வேண்டும். எமிலின் சட்டை வந்தால் துவைப்பேன்.

உன் அம்மா,
ஹுல்டா