நாற்காலி போதும் என்றாய்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயாக ஒருநாள் வந்து பேசுவாய் என்றுதான் காத்திருந்தேன். நீ பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். இனி பேசினால் நான்தான் பேச வேண்டும்.

போன வாரம் மணலியிலிருந்து திரும்பும் வழியில் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். ஜன்னலைத் திறந்தால் ஆலைகளின் வாயு நெடி, மூடினால் வேர்வை. முன் சீட்டில் இருந்த இளம் என்ஜினீயர் போனில் எதையோ சத்தமாக ஓடவிட்டிருந்தார். ஆங்கிலத்தில் இரண்டு பேர் பேசினார்கள். பிறகு பேச்சு நின்று சிரிப்பு கேட்டது. முதலில் ஓரிருவர், அப்புறம் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தின் நடுவே விக்கல் எடுப்பதுபோல ஒரு பெண்ணின் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நம் விக்கல் ஆன்டி.

"தம்பி, அது என்ன?" என்றேன்.

"ஏதோ பழைய அமெரிக்கா காமெடி சார். எழுபதுல வந்த டிவி ஷோவாம். தானா வந்துச்சு. தள்ளிடவா?"

"தள்ளாதீங்க. இங்கே கொடுங்க."

உனக்கு நினைவிருக்கும். கப்பல்களுக்குக் காய்கறி சப்ளை செய்த உன் சித்தப்பாவுக்கு ஓர் அமெரிக்கக் கப்பலின் சமையல்காரன் கொடுத்துவிட்டுப் போன வீடியோ டேப் அது. டிவியில் வந்ததை யாரோ வீட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். பாட்டு, நடனம், நடுநடுவே சின்னச் சின்ன நாடகங்கள், திரையை விலக்கிக்கொண்டு வந்து வணக்கம் சொல்லும் ஒரு கோட்டுக்காரர். நாம் இருவரும் ராயபுரத்தில் வளர்ந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. கண்டதே இல்லை என்பது இங்கே உண்மையும்கூட. உன் சித்தப்பா வீட்டு டெக்கில் போட்டபோது படம் ஓடவில்லை, உருண்டது. முகங்கள் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டே போயின. நிறமும் இல்லை. ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அமெரிக்கா டேப்பு வேற, நம்ம டெக்கு வேற. சத்தம் வருதில்ல? கேட்டுட்டுப் போங்க."

கேட்டோம். மதியம் மதியமாகக் கேட்டோம். பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவன் நான் என்பதால் நான் அர்த்தம் சொல்ல வேண்டும். நீ டிவிக்கு முன்னால் குந்திக்கொண்டு, "டேய் இங்கிலீசு, இன்னாடா சொல்றான் அவன்?" என்பாய். எனக்கு நீ வைத்த பெயரே அதுதான். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். "வெள்ளக்காரனுங்க சிரிச்சு முடிச்சுட்டானுங்கடா. நம்பளுக்கு எப்ப வரும்?" என்று அலுத்துக்கொள்வாய்.

அதில் ஓட்டல் நாடகம் ஒன்று இருந்தது. சாப்பிட வந்த ஒருவன், பரிமாறுகிறவன் ஒருவன். எதைக் கேட்டாலும் இல்லை என்பான். அதை நான்தான் தமிழாக்கினேன். தமிழாக்கினேன் என்பதைவிட எழுதினேன் என்பதே சரி. அவர்கள் நகைச்சுவை நம் தெருவில் ஒரு வரிகூட நிற்காது. சாப்பிட வந்தவன் நான், பள்ளிக்கூடத் தமிழில் பேசுவேன். பரிமாறுகிறவன் நீ.

"சாப்பிட என்ன இருக்கிறது?"

"எல்லாம் கீது சார்."

"இட்லி கொண்டு வாருங்கள்."

"தீந்துபோச்சு."

"தோசை?"

"மாவு புளிச்சிப்போச்சு."

"எல்லாம் இருக்கிறது என்றீர்களே, பின் என்னதான் இருக்கிறது?"

"பசி கீதே சார், உங்களாண்ட."

அந்த இடத்தில்தான் டேப்பில் பேச்சு நிற்கும். நெடுநேரம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அப்போதுதான் அந்தச் சிரிப்பு கிளம்பும். அந்த முழு டேப்பிலும் அவ்வளவு பெரிய சிரிப்பு வேறு எங்கும் இல்லை. அந்த மௌனத்தில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. நம் எதிரே உருண்டதெல்லாம் ஒரு கை, ஒரு மேசை விளிம்பு, ஒரு தலை.

"வுய்ந்துட்டான்டா. பரிமாறுறவன் காலு தட்டி வுய்ந்துட்டான்" என்பாய் நீ.

"விழுந்தால் சத்தம் கேட்காதா?"

"அப்போ லுங்கி அவுந்திருக்கும்."

"அமெரிக்காவில் எவன்டா லுங்கி கட்டுகிறான்?"

"பேண்ட்டு அவுந்திருக்கும். வுடேன்! சிரிச்சானுங்களா இல்லியா? அதான் மேட்டரு."

அந்த மௌனத்தை நீ உனக்கென்று எடுத்துக்கொண்டாய். மாதா திருவிழா மேடையில் அந்த வரி முடிந்ததும் ஒரு வருடம் வழுக்கி விழுந்தாய். இன்னொரு வருடம் சாம்பார் வாளிக்குள் காலை விட்டாய். தெருவே எழுந்து நின்று சிரித்தது. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, "நீ ஒண்ணியும் பண்ணாத. மூஞ்ச அசைக்காத. கம்முனு குந்து, சிரிப்பு என்னுது" என்றாய். நானும் குந்தியிருந்தேன். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். உன்னையே பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பிறகு கேபிள் டிவி வந்தது. உள்ளூர் கேபிள்காரர் ஒருவர் திருவிழா முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தார். ஞாயிறுதோறும் அரைமணி நேரம், பாட்டும் காமெடியுமாக ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்றார். "ஆளு ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நின்று முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா குந்திகினு இருக்கறதுக்கு எதுக்குபா ஆளு? ஒரு நாற்காலி போட்டா போதும்" என்றாய்.

விளையாட்டுக்குச் சொன்னாய் என்று நினைத்தேன். அடுத்த மாதம் டிவியில் பார்த்தேன். என் இடத்தில் உண்மையாகவே நாற்காலி இருந்தது. மரநாற்காலி. அதற்குத் துண்டு போர்த்தி, அதனிடம் பேசி, அது சொல்லாததற்கெல்லாம் நீ பதில் சொன்னாய். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. நான் எழுதிக் கொடுத்த நாடகங்களே ஒவ்வொன்றாக வந்தன. என் வரிகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாற்காலியை உற்றுக் கேட்பதுபோலக் காதைக் கொடுப்பாய். சிரிப்புக்கு அந்த டேப்பையே பயன்படுத்தினாய். நீ நாற்காலியைத் தடுக்கி விழும்போதெல்லாம் விக்கல் ஆன்டி சிரித்தாள்.

மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால், "நாற்காலிக்காரு தோஸ்து வர்றாரு" என்பார்கள். தோஸ்து என்றால் எனக்கு இன்றும் எரியும்.

சரி, பஸ்ஸில் பார்த்ததைச் சொல்கிறேன். இந்தத் தடவை படம் உருளவில்லை. நிறத்தோடு, தெளிவாக, உள்ளங்கையில் ஓடியது. பரிமாறுகிறவன் அந்த இடத்துக்கான தன் வரியைச் சொன்னான். சொல்லிவிட்டு நின்றான். அவன் விழவில்லை. அவன் பேண்ட் அவிழவில்லை. கேமரா அவனைக் காட்டவே இல்லை. சாப்பிட வந்தவனைக் காட்டியது.

அவன் ஒன்றும் செய்யவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். உதடு அசையவில்லை, புருவம் அசையவில்லை. இந்த உலகத்தில் இதைவிட வேறெதை எதிர்பார்த்தேன் என்பதுபோல ஒரு களைத்த பார்வை. அதற்குத்தான் அந்தக் கூட்டம் சிரித்தது. அவன் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு ஏறியது. கடைசியில் பரிமாறுகிறவனுக்கே தாங்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு உன்னுடையது இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுடையது.

திருப்பிக் கொடுக்க மறந்து போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "சார், அழுவுறீங்களா?" என்றார் அந்தப் பையன். வாயு நெடி என்றேன். மணலியில் அது எல்லோரும் நம்பும் காரணம்.

உன் சாவுக்கு நான் வந்திருந்தேன். தெருமுனை வரைக்கும். அங்கே பெரிய பேனர். நீயும் நாற்காலியும். 'நகைச்சுவைச் சக்கரவர்த்தி' என்று போட்டு, உன் இரு கையையும் கூப்பவைத்திருந்தார்கள். நாற்காலிக்கு மாலை போட்டிருந்தார்கள். அப்படியே திரும்பிவிட்டேன். பஸ்ஸில் அதைப் பார்த்த மறுநாள்தான் உன் வீட்டுப் படியேறினேன். யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்ற வெறி. உன்னிடம் காட்ட முடியாது, உன் மனைவியிடமாவது காட்டலாம் என்று.

"வாங்கண்ணா. இப்பத்தான் வயி தெரிஞ்சுதா?" என்றாள். குத்தல்தான். நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேடை நாற்காலி இல்லை, பிளாஸ்டிக். அந்தப் பையன் அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டு என் போனை நீட்டினேன். கொஞ்சம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இதுவா? இத அவரு பாத்துட்டாரே."

"எப்போது?"

"போன வருசம், திருவியாவுக்கு முன்னால. கட்டில்ல குந்திகினு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இன்னாயா கீது அதுலன்னேன். அந்தாளு மூஞ்சப் பாருடின்னாரு."

"சிரித்தானா?"

"எங்கண்ணா. போனக் கவுத்து வெச்சிட்டுப் பீடி பத்த வெச்சாரு."

பிறகு அவளாகவே சொன்னாள். அந்த வருடத் திருவிழாவில் நீ மேடை ஏறினாய். எல்லோருக்கும் மனப்பாடமான அதே ஓட்டல் நாடகம். "பசி கீதே சார்" என்றாய். ஜனங்கள் நீ விழுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"வுயவே இல்லண்ணா. கம்முனு நின்னுகினு அந்த நாற்காலியவே பாத்தாரு. எவ்ளோ நேரம்! ஒருத்தரும் சிரிக்கல. வசனம் மறந்துடுச்சு, வயசாயிடுச்சுன்னு எங்காண்டயே பேசிக்கினாங்க. பசங்க விசில் அடிச்சானுங்க. எறங்கி வந்துட்டாரு. அப்பால மேடையே ஏறல."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க போன எடுப்பீங்களாண்ணா?"

பதிலுக்குக் காத்திராமல் காபி போட எழுந்து போய்விட்டாள். காபியைக் குடித்துவிட்டு வந்தேன். சர்க்கரை அதிகம்.

இதை நீ மன்னிப்புக் கேட்டதாக நான் எடுத்துக்கொள்ள வேண்டுமா? என்னால் முடியாது. ராயபுரத்திலிருந்து நான் இப்போது இருக்கும் திருவொற்றியூருக்கு ஒரே பஸ். நீ அதில் ஏறவில்லை. விஷயம் தெரியாத ஒரு கூட்டத்துக்கு முன்னால், காலி நாற்காலியிடம் கேட்டாய். அது உனக்கு வசதி. நாற்காலி முடியாது என்று சொல்லாது. அந்த ஜனங்களுக்கு நீ என்ன செய்கிறாய் என்று தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அங்கே இல்லை.

ஆனாலும் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. அன்றைக்கு நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். நீ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மூஞ்சியை அசைக்காமல் உன்னைப் பார்த்திருப்பேன். நீதான் முதலில் உடைந்திருப்பாய். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். நம் ஒத்திகைகளில் நீ எத்தனை தடவை, "அப்டி பாக்காதடா, சிரிப்பு வர்து" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்! அப்போதே நமக்கு அது தெரிந்திருந்தது. இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. மேடையில் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

அந்த முகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ சொல்லிக்கொடுத்த ஒரே வேலை அதுதான். ஆபீசில் மேலதிகாரி கத்தும்போது அதை மாட்டிக்கொள்கிறேன். கல்யாண வீடுகளில் வீடியோக்காரன் சிரிக்கச் சொன்னால் அதுதான் வருகிறது. "உனக்குச் சிரிக்கவே தெரியாதா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குக் கொடுத்த வேடம் அது. இறக்கி வைக்க யாரும் சொல்லவில்லை. கழற்றவும் அலுப்பாக இருக்கிறது.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். பங்குக் கோயில் இளைஞர் ஒருவர் போன் செய்தார். "சார், நீங்க ஆரம்பத்துல அவருகூட நடிச்சீங்களாமே? சின்னதா எதனா எழுதிக் குடுங்க. உங்க பேரு, போட்டோ எல்லாம் வெச்சு நல்லா போட்டுடறோம்."

ஆரம்பத்தில், சின்னதாக. அந்த இரண்டு வார்த்தைகளையும் தின்றுவிட்டுச் சரி என்றேன்.

இதோ எழுதிவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரென்று தெரிந்துவிடும், அதனால் தபால். கடைசிப் பக்கத்தின் அடியில் பெயரை எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்து வேறு தாளில் எழுதினேன், பெயர் இல்லாமல். நம் நாடகத்தில் சாப்பிட வந்தவனுக்கு நீ ஒரு பெயர் வைத்ததே இல்லை. இப்போது போய் எனக்கு எதற்கு?

காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். மலரில் உன் படத்துக்கு எதிர்ப்பக்கம் இது வரும். வாசித்து முடித்ததும் யார் எழுதியது என்று அடியில் தேடுவார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்க்கட்டும்.