மதாமின் கதவு நிலை

13 பெப்ரவரி, வெள்ளி

போன கிழமை எதிர்வீட்டு யூத மதாமின் கதவில் யாரோ கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களின் வேத வரி வைத்த சின்னக் குழலை கதவு நிலையிலிருந்து நான்தான் கழற்றிக் கொடுத்தேன். இன்று பொழுதுபட முன்னம் அதைத் திரும்ப நிலையில் பூட்டச் சொன்னார்.

"உள்ளுக்குப் பூட்டுவமே, மதாம்? கடவுளுக்கும் குளிருமெல்லே."

"பயம் எனக்குத்தான். அது வெளியிலை இருக்கட்டும்."

நேராகப் பூட்டினேன். சரித்துத்தான் பூட்டவேண்டுமாம், அவர்களின் வழக்கம்.

"முதலே சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பூட்டியிருப்பன்."

மதாம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லா சப்பல் மெட்ரோ ரயில் நிலைய வாசலில் திருநீற்றை அழித்துவிட்டுத்தான் இருபது வருடமாக வேலைக்குப் போகிறேன். என்னை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. நாளைக்கும் அழிக்கக் கை தானாக நெற்றிக்குப் போகும்.