பன்றி வரைக்கும்

17 நவம்பர் 2025, திங்கள்

காலையில் நான்காம் மெஷினில் ஊசி உடைந்து, துணி நெடுக ஒரு கோடு ஓடியிருக்கிறது. மதியம்தான் கண்ணில் பட்டது. அந்தச் சுருளை வெட்டிப் போட்டோம்.

பக்கத்து இடத்தை வாங்கியவர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன துணிங்க ஓட்டறீங்க?"

"மாவுக்கட்டுக்கு உள்ள போடறதுங்க."

ஒன்பது வருடமாக வெளியாருக்குச் சொல்லும் பதில். முழுப் பொய் இல்லை. எலும்பு முறிந்தால் கட்டுக்கு அடியில் இதே மாதிரிக் குழாய்த் துணியைத்தான் மாட்டுவார்கள். ஆனால் நான் பின்னுவது எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லை. ஸ்பெயினுக்குப் போகிறது. அங்கே பன்றித் தொடையை உப்பிட்டு, மாதக்கணக்கில் தொங்கவிட்டுக் காய வைத்து, தேசம் தேசமாக ஏற்றுமதி செய்கிறார்கள். அந்தத் தொடைக்கு மாட்டும் உறை என்னுடையது.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'ஸ்பெயின் துணி' என்பதோடு சரி.

22 நவம்பர், சனி

சஹீர் பாய் வந்திருந்தார். உக்கடத்தில் ஏஜென்சி வைத்திருப்பவர். வெளிநாட்டு இறைச்சிக் கம்பெனிகளுக்குத் துணி, கையுறை, அட்டைப்பெட்டி எது வேண்டுமானாலும் இங்கிருந்து பிடித்துக் கொடுப்பார். ஸ்பெயின் ஆர்டரே முதலில் அவருக்கு வந்ததுதான். பன்றி என்று தெரிந்ததும் கமிஷன்கூட வேண்டாமென்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று வேறு ஆர்டரோடு வந்தார். தென் அமெரிக்காவில் ஒரு கம்பெனி. மாட்டை நான்காக வெட்டி, எலும்போடு துணி சுற்றி, உறைய வைத்துக் கப்பலில் ஏற்றுகிறார்களாம். அதற்கு அகலமான குழாய்த் துணி வேண்டும்.

"எருமைங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? எருமை என்றால் சரி என்றிருப்பேனா?

"எருமைன்னா நம்ம நாட்டுலிருந்தே கப்பல் கப்பலாப் போகுதுங்களே மேடம். இது மாடுதானுங்க."

"வேண்டாமுங்க பாய்."

சிரித்தார். "நீங்க பன்னிக்கு ஓட்டுவீங்க, மாட்டுக்கு ஓட்ட மாட்டீங்க. நான் மாட்டுக்குப் புடிப்பேன், பன்னிக்குப் புடிக்க மாட்டேன். நாம ரெண்டு பேரும் பார்ட்னரா இருந்திருந்தா கோழி யாவாரந்தான் பண்ணியிருக்கோணும்."

நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் உறுத்தியது. அவருடைய கோடு அவருடைய மார்க்கத்தில் இருக்கிறது. என்னுடையது? ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கிற வீடு எங்களுடையது. பன்றி வரைக்கும் போகலாம், மாட்டுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும் — இதை எந்த வருடம், எந்த நாளில் தீர்மானித்தேன்? நினைவில்லை. ஆனால் இருக்கிறது. தொட்டால் தெரிகிற மாதிரி இருக்கிறது.

29 நவம்பர், சனி

பார்சிலோனாவை ஒட்டிய காட்டில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியாகிவிட்டது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத நோய்தான். ஆனாலும் பல நாடுகள் ஸ்பெயின் பன்றியை வாங்குவதை நிறுத்திவிட்டன. என் ஆர்டர்காரர் தொடை காய வைக்கும் கூடம் அந்தப் பக்கம்தான். 'அடுத்த தகவல் வரும்வரை அனுப்ப வேண்டாம்' என்று மெயில்.

சாயங்காலம் தம்பி அருள்குமார் போன் செய்தான். துடியலூருக்கு மேற்கே எங்கள் தோட்டத்தை அவன்தான் பார்க்கிறான். காட்டுப்பன்றி இறங்கி மக்காச்சோளத்தை உழுதுவிட்டுப் போய்விட்டதாம்.

"ஒண்ணு ரெண்டு செத்தாத் தேவலைங்க்கா."

"அங்க செத்துத்தான் எனக்கு இந்தக் கதி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்கச் சோம்பலாக இருந்தது.

3 டிசம்பர், புதன்

கார்த்திகை தீபம். ஷெட் வாசலிலும் விளக்கு வைத்தோம். உள்ளே இரண்டு மெஷின்தான் ஓடுகிறது.

11 டிசம்பர், வியாழன்

எல்லாம் நின்றது. காலையில் ஷெட்டைத் திறந்தபோது அந்த அமைதி — காது அடைத்த மாதிரி.

ராசாத்தாள் மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்து என்னோடு இருப்பவள். பன்னிரண்டு பெண்களுக்கும் அவள்தான் மேஸ்திரி மாதிரி. "சும்மா உக்காந்தா ஒடம்பு வலிக்குதுங்க அம்மணி" என்றாள். பிறகு மெதுவாக: "பனியன் கம்பெனியில ஆள் கேக்கறாங்களாமுங்க. புள்ளைக பேசிக்கறாங்க. நான் இருங்கடின்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

18 டிசம்பர், வியாழன்

இவர் இன்று எடுத்தார் பேச்சை. மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து வந்து, கை கழுவி, காபி குடித்து, அப்புறம். ஒரு கூரியர் கம்பெனி குடோனுக்கு இடம் பார்க்கிறதாம். தை முடிவதற்குள் ஷெட்டைக் காலி செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"மாசம் பொறந்தா வாடகை வந்துரும் அம்மணி. நீயும் கொஞ்சம் உக்காரலாம்."

"உக்காந்து என்ன பண்றதுங்க?"

"எல்லாரும் என்ன பண்றாங்க?"

கோபப்படுகிற மாதிரி அவர் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். என் வீட்டுக்காரர் தம்பிதுரை நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். நானும் சொல்வேன். ஆனால் 'எல்லாரும்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

26 டிசம்பர், வெள்ளி

எழுந்தவுடன் போனில் இறைச்சிச் செய்தி. இதென்ன பழக்கம்? ஐரோப்பியப் பன்றிக்குச் சீனா வரி போட்டுவிட்டது. அமெரிக்காவில் மாடுகள் குறைந்து விலை ஏறுகிறது. பிரேசில் ஏற்றித் தள்ளுகிறது. இந்த இரண்டிலும் வாழ்நாளில் ஒரு துண்டு தொட்டதில்லை. எந்தத் துறைமுகத்தில் என்ன நிலவரம் என்று சொல்லத் தெரிகிறது.

இதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறதா? இல்லை. பெருமைப்பட? அதுவும் தெரியவில்லை.

2 ஜனவரி 2026, வெள்ளி

சஹீர் பாய் போன். நேற்று முதல் சீனா மாட்டிறைச்சிக்கு நாடு வாரியாக அளவு வைத்துவிட்டது. அளவைத் தாண்டினால் பாதிக்கு மேல் கூடுதல் வரி.

"இதுல நமக்கென்னங்க?" என்றேன்.

"சீனாக்காரன் எலும்பில்லாம அட்டைப்பெட்டியில வாங்கறவன் மேடம். அதுக்குத் துணி தேவையில்லை. அவன் கதவைச் சாத்துனா சரக்கு எகிப்து, அல்ஜீரியான்னு திரும்புமுங்க. அங்கெல்லாம் எலும்போட முழுசா கேப்பாங்க. துணி இல்லாம ஏத்த முடியாது. என் கணக்கு இதுதானுங்க. அந்தக் கம்பெனி இன்னும் ஆளைத் தேடிட்டிருக்குது."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே."

"சொன்னீங்க. பொங்கல் கழிச்சு ஒருக்கா கேக்கறேன். அப்பவும் வேண்டாம்னா திருப்பூர்ல குடுத்துப்போடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. பொங்கல் வரைக்கும் அவகாசம் கிடைத்ததே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் தப்பு.

16 ஜனவரி, வெள்ளி

பட்டிப் பொங்கல். தோட்டத்துக்குப் போனோம். மாடுகளுக்குக் கொம்பு சீவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து நிறுத்தியிருந்தான் அருள். செவலையைக் காணவில்லை. நான் போனால் தலையை நீட்டி என் சேலைத் தலைப்பைச் சப்புகிற மாடு.

"செவலை எங்கடா?"

கரும்பை வெட்டிக்கொண்டே சொன்னான். "மூணு தடவை ஊசி போட்டும் சினை நிக்கலைங்க்கா. பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏத்திவிட்டுட்டேன்."

"யாரு வாங்குனா?"

"யாரு வாங்குவாங்க? கேரளாக்காரன்தான்." நிமிர்ந்து பார்த்தான். "என்னங்க்கா அப்படிப் பாக்கறீங்க? வெச்சுட்டு என்ன பண்றது? தீனி என்ன வெலை விக்குது?"

பொங்கலை வாழையிலையில் வைத்து மற்ற மாடுகளுக்கு ஊட்டினேன். நாக்கு சொரசொரவென்று கையில் பட்டது.

திரும்பி வரும்போது காரில் மனசு கணக்குப் போடத் தொடங்கியது. அவனே கறிக்கு விற்கிறான், நீ துணி கொடுத்தால் என்ன? — இல்லை. அவன் விற்றதால் எனக்கு அனுமதி வந்துவிடாது. அவன் காரணம் அவனுக்கு. அதில் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது. செய்வதாக இருந்தால் என் பெயரிலேயே செய்ய வேண்டும்.

செய்வதாக இருந்தால் — எழுதிவிட்டேனே.

19 ஜனவரி, திங்கள்

சரி என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு பேருக்காக என்று இவரிடம் சொன்னேன். அது உண்மையில் பாதிதான். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். காலையில் ஸ்விட்சைப் போட்டதும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து எழுகிற இரைச்சல். உட்காரச் சொன்னால் நான் என்னவாவேன் என்று எனக்குத் தெரியும்.

இவர் "கூரியர்காரனுக்கு என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைன்னு சொல்லுங்க."

"மாடு அம்மணி."

"தெரியுமுங்க."

27 ஜனவரி, செவ்வாய்

திருப்பூரிலிருந்து அகலச் சிலிண்டர் மெஷின் ஒன்று வந்து, ஓட்டிப் பார்த்து, இன்று சாம்பிள் சுருள் முடிந்தது.

பெண்களிடம் நானே சொன்னேன், இது எதற்கான துணி என்று. யாரும் வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருத்தி மட்டும் "எங்கூட்ல சொல்ல மாட்டேனுங்க" என்றாள். சொல்ல வேண்டாம் என்றேன்.

புது ஆர்டரின் முதல் சுருளுக்குப் பொட்டு வைப்பது எங்கள் ஷெட்டின் வழக்கம். துணியில் படாமல், உள்ளே இருக்கிற அட்டைக் குழலின் விளிம்பில். எப்போதும் ராசாத்தாள்தான் வைப்பாள். இன்று சாமி படத்தின் கீழிருந்து குங்குமக் கிண்ணத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதுக்கு வெக்கறதுங்களா அம்மணி?"

யாரும் வைக்காவிட்டால் திருட்டு வேலை மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. நானே வைத்தேன். விரல் நிறைய எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. உதிர்ந்ததை ஊதிவிட்டு, பார்சல் கட்டச் சொன்னேன்.

10 பிப்ரவரி, செவ்வாய்

சாம்பிள் நிராகரிப்பு. துணியின் உள்மடிப்பில் சிவப்புத் தூள். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உணவில் படுகிற துணி. இது என்ன பொருள் என்று கேள்வி.

சஹீர் பாய் போனில் முதலில் சிரித்தார். "மாட்டுக்குப் பொட்டு வெச்சு அனுப்பியிருக்கீங்க மேடம்." பிறகு சிரிப்பு நின்றது. "என்னன்னு எழுதட்டுமுங்க? மெஷின் பெயின்ட் உதுந்துதுன்னு எழுதிரலாமா?"

வாய் வரைக்கும் வந்தது, சரி என்று.

"குங்குமம்னே எழுதுங்க பாய். எதுக்கு வெச்சதுன்னும் எழுதுங்க."

"வெளங்குமா அவங்களுக்கு?"

"வெளங்காட்டிப் போகுதுங்க."

போனை வைத்தேன். இத்தனை தூரம் வந்து, என் விரலாலேயே கெடுத்துவிட்டேனா? வேண்டுமென்றே நிறைய எடுத்தேனா? உனக்கே தெரியாதா? தெரியலையே. நெஜமாவே தெரியலை.

14 பிப்ரவரி, சனி

பதில் வந்தது. கோபமில்லை. இன்னொரு சாம்பிள் அனுப்பலாமாம். ஆனால் ஷெட்டுக்குள் சாயமோ பொடியோ எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு போட்டோ வேண்டும்.

ராசாத்தாளிடம் சொன்னேன்.

"அப்படின்னா சாமியையே வெளிய வெக்கறதுங்களா?"

"ஆமாம்."

"எங்க வெக்கறது?"

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், வாசலை ஒட்டி ஒரு சுவர் இருக்கிறது. ஆணி நான் அடித்தேன். படத்தை அவள் தூக்கி வந்தாள், நெஞ்சோடு அணைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. உள்ளே படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகச் சதுரமாக நின்றது. அதையும் சேர்த்துத்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

22 பிப்ரவரி, ஞாயிறு

கறி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார் இவர். இல்லை என்றேன்.

3 மார்ச், செவ்வாய்

சாம்பிள் பாஸ். ஆர்டர் உறுதி. இன்னும் இரண்டு அகல மெஷின் வேண்டும். இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறார்கள்.

சஹீர் பாய் இனிப்பு கொண்டுவந்தார். ஸ்பெயின் சுருள்கள் அடுக்கியிருக்கிற பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒன்பது வருடமாக அப்படித்தான் வருகிறார் என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

20 மார்ச், வெள்ளி

ஸ்பெயினிலிருந்து மெயில். நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறதாம், பழையபடி துணி அனுப்ப முடியுமா என்று. இருப்பதை அனுப்புகிறேன், புதிதாகப் பின்ன ஆள் இல்லை, இரண்டு மாதம் பொறுக்க முடியுமா என்று எழுதினேன். அனுப்பிய பிறகு என் கடிதத்தை நானே இரண்டு தடவை படித்தேன்.

மத்தியானம் அருள் போன் செய்தான். பின்னால் மெஷின் சத்தம் கேட்டிருக்கிறது.

"மறுக்காவும் ஓட ஆரம்பிச்சுருச்சுங்களா? பன்னிக்காச்சல் போயிருச்சா?"

"இது பன்றிக்கு இல்லடா. மாட்டுக்கு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை. ஒரு மாட்டை அவன் அதட்டுவது கேட்டது.

"இங்க காஞ்சு கெடக்குதுங்க்கா" என்றான் பிறகு. "அங்க மழை கிழை உண்டா?"

இல்லை என்றேன்.