சின்ன வேலை

வீரபாண்டி,
27.9.94

அன்புள்ள ராமாத்தாளுக்கு,

கன்னையன் எழுதுவது. நீயும் செல்லாவும் நலமா என்று கேட்க எனக்கு வாயில்லைதான். இருந்தாலும் கேட்கிறேன்.

சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் பார்த்திருப்பாய். நான் அங்கேதான் இருந்தேன். விலைக்கு வந்த பழைய நிட்டிங் மெஷின் ஒன்றைப் பார்த்துவரச் சொல்லி கிட்டுசாமி முதலாளி அனுப்பியிருந்தார். மெஷினைப் பார்ப்பதற்குள் ஊரே மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனுக்கு ஓடியது. நானும் ஓடிவந்து ரயில் ஏறினேன். திருப்பூரில் இறங்கி நேராகக் கம்பெனிக்குப் போனால், முதலாளி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். மூக்கில் கைக்குட்டை. "கன்னையா, ஊட்டுக்குப் போயிரு. கூப்புடற வரைக்கும் இந்தப் பக்கம் வந்துராத" என்றார்.

நான் வந்து சேர்வதற்குள் நம் வீதிக்குச் சேதி வந்துவிட்டது. எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் பழனிமுத்து அண்ணன் என்னை உள்ளே விட்டு வெளிக்கேட்டில் பூட்டுப் போட்டார். "கோவிச்சுக்காத கன்னையா, கொழந்த குட்டி இருக்கற வீதி. பதனஞ்சு நாளு பொறுத்துக்க" என்றார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. நகராட்சி ஆள் ஒருவர் வந்து கேட் கம்பி வழியாக மாத்திரையை நீட்டிவிட்டுப் போனார்.

காய்ச்சல் இல்லை, பயப்படாதே. நேற்று சோறு புரையேறி ஒரு தரம் இருமினேன். எதிர் வரிசையில் ஜன்னல்கள் சாத்துகிற சத்தம் கேட்டது. அதிலிருந்து தொண்டையை அடக்கி அடக்கி உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு சபுரா பீவி அக்காதான் சோறும் இரண்டு குடம் தண்ணீரும் சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுகிறார். இந்தக் கடிதத்தையும் இடுக்கியில் பிடித்து, வெயிலில் காயப்போட்ட பிறகு தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சும்மா இருக்க முடியவில்லை. படுக்கிற அறை ஃபேனைக் கழற்றிச் சரிசெய்தேன். இப்போது சத்தமே இல்லை.

செல்லாவின் கை எப்படி இருக்கிறது?

கன்னையன்


உடுமலைப்பேட்டை,
30.9.94

செல்லாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தேங்காய் மட்டைக் குவியல்மேல் அரைநாள் போட்டுவைத்தார்கள். எழுத்து கலங்கிப்போய்ப் பாதி ஊகித்துத்தான் படித்தேன்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம்.

ஃபேனைச் சரிசெய்ததில் சந்தோஷம். அந்தக் கடகட சத்தத்துக்கு நடுவேதான் செல்லா தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போனாள். ஊரில் எந்தக் கம்பெனியில் மெஷின் நின்றாலும் "கன்னையனக் கூப்புடு" என்பார்கள். நானும் ஒரு கம்பெனி வைத்திருந்தால் அப்போதே வந்திருப்பீர்கள்.

கை ஆறிவிட்டது. இரண்டு விரல் மட்டும் மடங்க மறுக்கிறது. இடது கையில் எழுதப் பழகுகிறாள்.

சபுரா அக்கா எத்தனை நாள் தண்ணீர் சுமப்பார்? வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தண்ணீர் மோட்டார் இருக்கிறதே. அது என்ன ஆயிற்று?

ராமாத்தாள்


வீரபாண்டி,
3.10.94

அன்புள்ள ராமாத்தாளுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் இந்த வீட்டில் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கிரைண்டருக்குப் பெல்ட் மாற்றிவிட்டேன். நீ கேட்டுக்கேட்டு அலுத்து ஆட்டுக்கல்லுக்கே போய்விட்டாயே, அதே கிரைண்டர்தான். பெல்ட் என் கருவிப்பெட்டியிலேயே கிடந்தது. எப்போதோ வாங்கிப் போட்டு மறந்திருக்கிறேன். பீரோ கதவு இப்போது தூக்காமலே சாத்துகிறது. செல்லா சைக்கிளுக்குப் பிரேக் கட்டை போட்டுச் சக்கரக் கோட்டமும் எடுத்தாயிற்று. ரேடியோ பாடுகிறது. அதில் சூரத் சேதி சொன்னால் அணைத்துவிடுகிறேன்.

பகல் முழுக்க ஏதாவது ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை. கை ஓய்ந்தால் சுவர்கள் கிட்டே வருகின்றன. வாசலுக்கும் பொடக்காளிக்குமாக நடக்கிறேன். ஜன்னலில் நின்றால் வீதியில் போகிறவர்கள் மறுபக்கச் சுவரை உரசிக்கொண்டு போகிறார்கள். கல்யாணம், காரியம் என்று என் தோளில் கை போட்டவர்கள்தான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

நேற்று சபுரா அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டே பேசினார். அவர் வீட்டுக்காரர் அக்பர் பாயின் டீக்கடைக்கு ஆட்கள் வருவதில்லையாம். "பிளேக் ஊட்டுக்குச் சோறு போடற கையில டீ எப்படிக் குடிக்கிறது" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டார்களாம். "சோத்தப் பொட்டலமா வீசிப்போடறேன் தம்பி, கொடந்தான் இனித் தூக்க முடியாது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

வீட்டில் ஒரு குடமும் பாதித் தவலையும் இருக்கிறது. சமாளித்துக்கொள்வேன்.

கன்னையன்


உடுமலைப்பேட்டை,
5.10.94

செல்லாவின் அப்பாவுக்கு,

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ரேடியோ இருக்கிறது, பீரோ இருக்கிறது. நான் கேட்ட மோட்டாரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நீங்கள் எழுத மாட்டீர்கள். நான் எழுதுகிறேன்.

தை மாதத்திலேயே சொன்னேன், சுவிட்சுப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று. "பாக்கறேன்" என்றீர்கள். மாசியில் சொன்னேன். ஒரு மூங்கில் குச்சியைப் பெட்டிமேல் செருகிவைத்து, "இதுல தட்டு, ஒண்ணும் பண்ணாது" என்றீர்கள். அதுதான் நீங்கள் பார்த்த ரிப்பேர். அது நடந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. முதலிபாளையத்தில் மெஷின் பிரிக்க வேண்டும் என்று விடிந்ததும் போய்விட்டீர்கள். ஞாயிறானால் கம்பெனிகள் நிற்கும், மெக்கானிக் வேண்டும். எனக்கு எந்த ஞாயிறும் நீங்கள் இருந்ததில்லை. செல்லா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குச்சியைக் காணோம். ஈரக் கையோடு...

நான் ஓடிவந்தபோது துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள்.

குத்திக்காட்ட எழுதவில்லை. அன்று நீங்கள் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருப்பது எனக்குத் தெரியும். வீதிக் குழாயில் குடம் தூக்கிக் காலம் தள்ளினீர்கள். இப்போது கேட் பூட்டியிருக்கிறது. தண்ணீர் இல்லாமல் அந்த வீட்டுக்குள் கிடந்து நீங்கள் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பெட்டியைத் திறங்கள்.

ராமாத்தாள்


வீரபாண்டி,
7.10.94

ராமாத்தாளுக்கு,

திறந்தேன்.

தண்ணீர் முந்தாநாளே தீர்ந்துவிட்டது. மாத்திரையை வெறுமனே முழுங்கினேன். உன் கடிதம் வந்த பிறகும் ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு பொடக்காளி வாசலிலேயே நின்றேன். எத்தனை பெரிய மெஷினையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவன் நான். எதிர்வீட்டு மாடியிலிருந்து பழனிமுத்து அண்ணன் பார்த்துவிட்டு, "பீஸ் கட்டையப் புடுங்கியிருக்குதா கன்னையா? மெயினயும் ஆப் பண்ணிக்க" என்று சத்தம் போட்டார். நான் முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

வயர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் தோல் உரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அவ்வளவுதான். பழைய வயரை வெட்டிப் போட்டுப் புதுசு மாட்டினேன். எர்த் கொடுத்தேன். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்கூட ஆகவில்லை ராமாத்தாள். நிமிர்ந்து பார்த்தேன், வேலை முடிந்துவிட்டது. இன்னும் ஏதாவது இருக்கும், இருக்க வேண்டும் என்று தேடித்தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பீஸ் கட்டையை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. குடிக்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தொட்டி நிரம்பி வழிந்து வீதிக்கே ஓடியிருக்கும்போல. பழனிமுத்து அண்ணன், "மோட்டார நிறுத்து கன்னையா, போதும்" என்று கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

இத்தனை சின்ன வேலை என்று எனக்குத் தெரியாது.

கன்னையன்


உடுமலைப்பேட்டை,
10.10.94

மாமாவுக்கு,

எனக்குத் தெரியும்.

செல்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பழனிமுத்து அண்ணன் வந்திருந்தார். வராந்தாவில் நின்றுகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்ன நெலையில முடிச்சிருப்பனே ஆத்தா" என்றார். அப்போதுதான் முடிவு செய்தேன். பெரிய வேலையாக இருந்திருந்தால், சாமான் கிடைக்கவில்லை, ஆள் வரவில்லை என்று ஏதாவது இருந்திருந்தால், நான் உங்களோடு இருந்திருப்பேன். சின்ன வேலை என்று தெரிந்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வந்தது தப்போ என்னவோ. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நீங்கள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டீர்கள். "வா" என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். எழுத வேண்டாம். அந்தப் பொடக்காளியில் நான் இனிக் கால் வைக்க மாட்டேன். செல்லாவுக்கு இங்கே பள்ளிக்கூடம் பழகிவிட்டது. நான் ஒரு தையல் கடையில் சேர்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் எந்த சுவிட்சையும் தொடுவதில்லை. பொழுது இறங்கினால் இருட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "அம்மா லைட்டு" "அம்மாயி லைட்டு" என்று கூப்பிடுவாள். யாரும் வராவிட்டால் அப்படியே உட்கார்ந்திருப்பாள். இதற்கு ஸ்குரூடிரைவர் கிடையாது.

பூட்டுத் திறந்ததும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஒன்று சொல்கிறேன். ஒரு ஞாயிறு வந்துவிட்டு அடுத்த ஞாயிறு மெஷின் என்று போவதானால் வரவே வேண்டாம். அவளை மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வைக்க மாட்டேன்.

ராமாத்தாள்


வீரபாண்டி,
13.10.94

அன்புள்ள ராமாத்தாளுக்கு,

முந்தாநாள் பூட்டைத் திறந்தார்கள். வீதியே கூடி நின்றது. பழனிமுத்து அண்ணன் முதலில் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சபுரா அக்கா பாயசம் கொடுத்தனுப்பினார். நான் வீதிமுனை வரைக்கும் நடந்துபோய், அதற்குமேல் எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். கேட் திறந்துதான் கிடக்கிறது. உள்ளே இருக்கிற மாதிரியேதான் இருக்கிறது.

நேற்று முதலாளி காரில் வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"ஒடம்பு தேவலையா கன்னையா? ரெண்டு மெஷின் நின்னு நின்னு ஓடுது. ஞாயித்துக்கெழம வந்து பிரிச்சிரு."

"ஞாயித்துக்கெழம முடியாதுங்க."

"அப்ப அடுத்த ஞாயிறு?"

"இல்லீங்க. இனி எந்த ஞாயிறும் வரமாட்டனுங்க. மத்த நாள்ல எந்நேரம் கூப்பிட்டாலும் வர்றனுங்க."

"ஓடற மெஷின நிறுத்தியா ரிப்பேர் பாக்கச் சொல்ற? உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? அப்ப வேற ஆளத்தான் பாக்கோணும்."

"பாத்துக்கங்க."

சொல்லிவிட்டேன். கார் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கை நிறைய வேலை வருமோ வராதோ. சின்னச் சின்ன கம்பெனிகள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம்.

"வா" என்று எழுதவில்லை. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கருவிப்பெட்டியைக் கொண்டுவர மாட்டேன். செல்லாவை சுவிட்சைத் தொடச் சொல்ல மாட்டேன். அவளிடம் என்ன பேசுவது என்று மட்டும் தெரியவில்லை.

கன்னையன்


உடுமலைப்பேட்டை,
17.10.94

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அம்மா உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கென்றுதான் கோழி அடித்தார்கள்.

செல்லா மத்தியானம் வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். நீங்களும் கூப்பிடாமல் வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். கூப்பிட்டிருந்தால் உள்ளே ஓடியிருப்பாள். கடைசியில் அவளாகவே வந்து, "சூரத்துல செத்த எலியப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாளே, அதை நானும் அம்மாவும் சமையலறையில் இருந்து கேட்டோம். நீங்கள் பார்த்த எலிகளைவிட அதிகமாகத்தான் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். இன்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். இப்போது எலிகள் பூனை அளவுக்கு வளர்ந்துவிட்டன.

நேற்று நீங்கள் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டீர்கள். நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பொழுது இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து, "அப்பா, லைட்டப் போடுங்க" என்று குரல் கேட்டது.

நீங்கள் போய்விட்டதை மறந்து கூப்பிட்டுவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது இருட்டில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் லைட்டைப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு ஐந்து மணி பஸ்ஸில் போக வேண்டாம். ஏழரைக்கு ஒரு பஸ் இருக்கிறது.

ராமாத்தாள்