மெழுகின் மேல் போட்ட பழி

ஹோன்காவாரா,
20 பிப்ரவரி 1974

அன்புள்ள இர்யாவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். பசுக்களைப் பக்கத்து வீட்டு அய்லி நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பனிச்சறுக்குக் கட்டைக்குப் பூசிய மெழுகு சரியில்லை என்று வானொலியில் நீ சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது. கூட்டுறவுக் கடையில் பஸ் ஓட்டுகிற வெய்க்கோ என் காதில் விழட்டும் என்றே சொன்னான்: "பொண்டாட்டி கட்டைக்கு மெழுகு பூசுறதுதான் இவனுக்கு ஒரே வேலை. அதையும் கோட்டை விட்டுட்டான்." காபித்தூள் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

கோபமில்லை. தப்பு என்னுடையதாகவே இருக்கலாம். புதுப்பனி விழுந்ததும் நான் மெழுகை மாற்றியிருக்க வேண்டுமோ? கடைசி மேட்டில் கட்டை பின்னால் வழுக்கியதா, அடியில் பனி ஒட்டியதா? தெரிந்தால் மறுபடி அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன். நன்றாகச் சாப்பிடு.

உன் தாய்ஸ்தோ

*

பயிற்சி முகாம்,
27 பிப்ரவரி

அன்பு தாய்ஸ்தோ,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கடுங்குளிர். ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போதே மைக்கை நீட்டினால் வாயில் எது வருமோ அதுதான் வரும். நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஊர் நாலு நாள் பேசும், பிறகு வேறு யாராவது கிடைப்பார்கள்.

அடுத்த போட்டிக்குப் பனிச்சறுக்குச் சங்கமே மெழுகு பூச ஓர் ஆளை அனுப்புகிறதாம். நீ வீட்டில் ஓய்வெடு. காபித்தூள் அனுப்பியிருக்கிறேன்.

இர்யா

*

ஹோன்காவாரா,
9 மார்ச்

அன்புள்ள இர்யாவுக்கு,

காபித்தூள் வந்தது. நான் கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை.

அன்றைய தொடரோட்டத்தில் நம் அணிக்காக உனக்கு முந்தின சுற்று ஓடிய ஹெல்வி எனக்கு எழுதியிருக்கிறாள். அன்று காலை அவளுடைய கட்டைக்கும் நான்தான் பூசினேன், உன்னுடையதற்குப் பூசிய அதே மெழுகு. அவள் சுற்றில் அவளைவிட வேகமாக யாரும் ஓடவில்லையாம். நன்றி சொல்லத்தான் எழுதினாள், வேறு எதுவும் கேட்கவில்லை.

நானும் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஊரில் யாரும் மெழுகு பூச என்னிடம் கட்டையைக் கொண்டுவருவதில்லை. கடைக்கு அய்லிதான் போய் வருகிறாள். என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் சொல். வேறு யார் காதுக்கும் போகாது.

தாய்ஸ்தோ

*

பயிற்சி முகாம்,
15 மார்ச்

தாய்ஸ்தோ,

மெழுகு நன்றாக இருந்தது. அவ்வளவு நல்ல பிடிப்பு எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. கடைசி மேட்டில் கால்தான் செத்துப்போனது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்த நான் அங்கேயே நின்றுவிடுவேனோ என்று பயந்தேன். மூன்று பேர் தாண்டிப் போனார்கள். கடைசியில் தாண்டிய பெண் "சாரி" என்றாள், வயதானவர்களிடம் சொல்வதுபோல.

மைக்கை நீட்டியவர் கேட்ட முதல் கேள்வியே, "வயசாயிடுச்சா, இர்யா?" என்பதுதான். அதற்கு ஆமாம் சொல்ல வாய் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் என் கம்பளிக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ நிற்பது தெரிந்தது. உன்னைப் பார்த்துக்கொண்டேதான் மெழுகு சரியில்லை என்றேன். நீ வந்து கோட்டை என் தோளில் போட்டாய், "தப்பு என்னுதுதான், வா" என்றாய். அதை நினைத்தால் கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை.

பால்பண்ணையில் கேன் தூக்கிக்கொண்டிருந்த எனக்கு நாலு தேசியப் பட்டமும் உலகப் பதக்கமும் வந்ததில் பாதி உன் கை. எனக்கு மட்டும் சொல் என்கிறாய். அது போதாது. ஊர் கேட்கப் பழித்தேன், ஊர் கேட்கத்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிகிற நேரம் வானொலியைப் போடு.

இர்யா

*

ஹோன்காவாரா,
18 மார்ச்

அன்புள்ள இர்யாவுக்கு,

கேட்டேன். எட்டாவதாக வந்ததையும், பிறகு நீ சொன்னதையும். "அன்னிக்கு மெழுகுல குறையில்லை. என் காலுதான் ஓஞ்சுபோச்சு. பழியைத் தூக்கி என் வீட்டுக்காரர் மேல போட்டேன். வெட்கமா இருக்கு." பேட்டி எடுத்தவர் அவசரமாக அடுத்த ஆளிடம் மைக்கை நீட்டினார். எனக்கோ சந்தோஷமே வரவில்லை. போதும் நிறுத்து என்று வானொலிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

இன்று காலை வெய்க்கோ ஏரியில் பிடித்த மீனோடு வந்து வாசலில் நின்றான். மீனை வாங்கிக்கொண்டேன்.

இனி உன் கட்டைக்கு நான் மெழுகு பூச மாட்டேன். பூசினால், நீ தோற்கிற ஒவ்வொரு நாளும் என்ன சொல்வாயோ என்று உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படி நிற்க என்னால் முடியாது. சங்கத்து ஆளையே வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு. நீராவிக் குளியலுக்குச் சவ்னா அறை சூடாக இருக்கும். மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம், கேட்டாயிற்று. எனக்குத்தான் இன்னும் கோபமே வரவில்லை. உன்னைப் பார்த்தபின் வரலாம். வந்தால், நான் பேசி முடிக்கிறவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திரு.

உன் தாய்ஸ்தோ